முதலில் போகிற ஆள்

ஒரு எண்ணைச் சொன்னால் போதும். அந்தச் சாயங்காலம் மேஜர் தேவசகாயத்துக்கு அதைவிட்டால் வேறு வேலையே இல்லை. கையில் மைக், கட்டைவிரலுக்கு அடியில் அதன் பொத்தான். அதை அமுக்கி இரண்டு என்றோ மூன்று என்றோ சொல்ல வேண்டும். அந்த எண்ணுள்ள ட்ரூப்பின் மூன்று டாங்குகளும் முதலில் போகும், மற்றவர்கள் அதே சங்கிலித் தடத்தில் பின்னால் போவார்கள். பால்வாடிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் ஸ்க்வாட்ரன் கமாண்டரான அவர், பதினோரு டாங்குகளுக்கும் அவற்றுக்குள் இருக்கிற அத்தனை உயிர்களுக்கும் பொறுப்பானவர், வாயில் சக்கர்பாரா என்கிற இனிப்பு பிஸ்கட் துண்டு ஒன்றை ஒதுக்கிக்கொண்டு, அது கரையட்டும், கரைந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நின்றுகொண்டிருந்தார். பட்டாளத்து சக்கர்பாரா அவ்வளவு சுலபத்தில் கரைகிற சாமான் இல்லை. எதிரே ஒரு வயல். பஞ்சாபில் டிசம்பரில் எந்த வயலும் இருக்கிற மாதிரிதான் இருந்தது, கோதுமை விரல்கடை உயரம் முளைத்து, ஓரத்தில் கடுகு பூத்து. அந்தப் பச்சைக்கு அடியில் எதிரி, டாங்க் ஏறினால் மட்டும் வெடிக்கிற கண்ணிவெடிகளைப் புதைத்துவைத்திருந்தான். அதன் நடுவே வெடி அகற்றுகிற சாப்பர்கள் இரண்டு வெள்ளை நாடாக்களைக் கட்டி ஒரு பாதை போட்டிருந்தார்கள், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்புக்குக் கட்டுகிற மாதிரி. பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். நேற்று நடந்தே கடந்துபோய் ஊரைப் பிடித்துவைத்திருந்த காலாட்படைக்காரர்கள், எதிரியின் டாங்குகள் வருவதற்குள் நம் டாங்குகள் வந்துவிடும் என்று நம்பி அங்கே குழிகளில் உட்கார்ந்திருந்தார்கள். போகத்தான் வேண்டும். போகலாமா வேண்டாமா என்பது பேச்சே இல்லை. யார் முதலில் என்பதுதான் பேச்சு.

சாப்பர் சுபேதார் முனிரத்தினம் சற்று முன்தான் வந்து டாங்கின்மேல் ஏறி, அவர் காதருகே குனிந்து சொல்லிவிட்டுப் போனார். ஆம்பூர் பக்கத்து மனுஷர், கையெல்லாம் மண். "இந்தாண்ட பாதி சுத்தம் சார், நான் கியாரண்டி. வெடி எடுக்குற மிஷின் மக்கர் பண்ணிடுச்சு. அந்தாண்ட கடைசித் துண்ட கம்பியால குத்தித்தான் பாத்தோம். மேல குண்டு வேற போட்டுனே இருந்தான். பாத்த வரைக்கும் ஒண்ணும் இல்ல." பாத்த வரைக்கும் என்றால் எவ்வளவு பார்த்தீர்கள் என்று தேவசகாயம் கேட்டார். சுபேதார் வயலைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "ஒண்ணு விட்டு ஒண்ணு பாத்தோம்னு வச்சுக்கோங்களேன்" என்றார். வைத்துக்கொள்ளலாம். எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒன்றுவிட்டு ஒன்று என்றால் குத்தாமல் விட்ட இடத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முதலில் போகிற டாங்கு அதைக் கண்டுபிடித்துச் சொல்லும். சங்கிலி அறுந்தால் பரவாயில்லை. ஆனால் வெடி டிரைவரின் இருக்கைக்கு நேர் கீழே வெடித்தால், பெட்ரோல் பிடித்துக்கொண்டால், உள்ளே நாலு பேரும் வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அறுபத்தைந்து யுத்தத்தில் அப்படி ஒரு டாங்கைத் திறந்து பார்த்திருக்கிறார். அதைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம் என்று நினைத்தார். நினைக்க வேண்டாம் என்று நினைத்த உடனே அந்த வாசனை மூக்கில் வந்து உட்கார்ந்தது, சக்கர்பாராவின் நெய் வாசனையோடு கலந்து. துண்டை வெளியே துப்பிவிட்டார்.

முறை இரண்டுக்கு. அதில் சந்தேகமில்லை. முன்னால் போகிற வேலையை ட்ரூப்புகள் முறை வைத்துத்தான் செய்யும். இன்று நீ, நாளைக்கு நான். யார் செத்தாலும் அது முறையால் செத்ததே ஒழிய மேஜர் பார்த்துச் சாகடித்ததாக ஆகாது. அதற்காகவே எவனோ ஒரு புண்ணியவான் ஏற்படுத்திவைத்த வழக்கம். நேற்று கால்வாயில் ஒன்றாவது ட்ரூப் முன்னால் போனது, இரண்டு டாங்குகளைச் சேற்றில் விட்டுவிட்டு வந்து நிற்கிறது. நான்காவது ட்ரூப் கரும்புக் காட்டுப் பக்கம் காவலுக்கு நிற்கிறது. ஆக இன்று இரண்டு. இரண்டுக்குத் தலைவர் நாயப் ரிசால்தார் மாசிலாமணி. ஆனால் இரண்டில் ஒரு வண்டி மத்தியானத்திலிருந்து கொதித்துக்கொண்டு நிற்கிறது, பாதி வழியில் நின்றுவிட்டால் பாதையே அடைத்துப்போகும். மாசிலாமணிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், கண் சிவந்து கிடக்கிறது. மூன்று அப்படி இல்லை. மூன்றின் வண்டிகள் மூன்றும் கல்யாணக் குதிரை மாதிரி நிற்கின்றன. அதன் டிரைவர்கள் போட்ட கோட்டில் ஓட்டுகிறவர்கள். அதன் தலைவன் லெப்டினன்ட் சுகவனத்தைப்போலத் தரையைப் படிக்கிற கண் இந்த ஸ்க்வாட்ரனில் யாருக்கும் இல்லை. புல் வாடிக் கிடந்தால் அங்கே மண் தோண்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவான். எந்த ஸ்டாஃப் காலேஜ் கணக்கில் போட்டாலும் விடை மூன்றுதான் வரும். முறையை மாற்றி மூன்றை அனுப்புவது தவறில்லை என்பது மட்டுமல்ல, அனுப்பாவிட்டால்தான் தவறு. அப்படியானால் ஏன் கட்டைவிரல் பொத்தானை அமுக்க மாட்டேன் என்கிறது? இதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்பதும் பொய். நன்றாகப் பிடிபட்டது. பிடிபட்டதால்தான் விரல் அங்கேயே நின்றது.

மூடி. எல்லாம் அந்த மூடியால் வந்தது. இந்த ரெஜிமெண்டில் டாங்க் கமாண்டர்கள் தலைக்கு மேலிருக்கிற மூடியைச் சாத்திக்கொள்வது கிடையாது. என்ன குண்டு விழுந்தாலும் மார்பு வரைக்கும் வெளியே தெரிய நிற்பார்கள். எந்தப் புத்தகத்திலும் எழுதிவைக்கவில்லை. மூடிக்கொண்டால் கண்ணாடிச் சில்லு வழியாகப் பாதிதான் தெரியும், அதனால்தான் என்று காரணம் சொல்வார்கள். வெள்ளைக்காரன் விட்டுப்போன வீம்பு என்பதுதான் நிஜம். முன்பு ஒரு கேப்டன் இருந்தான், பீரங்கிப் பயிற்சியின்போது ஒரே ஒருமுறை மூடியைச் சாத்திக்கொண்டான். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அவனுக்கு டப்பா என்று பெயர் வந்துவிட்டது. அவன் கல்யாணத்தில்கூட டப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். பெண் வீட்டார் அது ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்து அவர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். கடைசியில் சப்ளை கோருக்கு மாற்றல் கேட்டு ஓடினான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்களில் தேவசகாயமும் ஒருவர். முந்தாநாள் காலையில் மாந்தோப்பில் குண்டு விழ ஆரம்பித்தபோது அவர் கை தானாக மேலே போய் மூடியை இழுத்தது. அவர் இழுக்கவில்லை, கை இழுத்தது. இருட்டில், முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டு, நாற்பது வயது ஆள், மேஜர், மார்பில் மெடல் ரிப்பன் உள்ளவர், உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குண்டு நிரப்புகிற வேலப்பன், எதையும் பார்க்காதவன்போல ஒரே குண்டைத் துணியால் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். சத்தம் ஓய்ந்து மூடியைத் திறந்தபோது எதிரே, அடுத்த டாங்கில், மார்பு வரைக்கும் வெளியே நின்றபடி சுகவனம் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்த உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் முதல் அடி.

இரண்டாவது அடி அன்று மத்தியானமே விழுந்தது. ஃபிட்டரைக் கூட்டிக்கொண்டு அவனே வந்தான். சேலத்து டாக்டர் வீட்டுப் பையன், மீசை இன்னும் சரியாகக் கூடவில்லை, பேச்சில் ஒரு மரியாதை எப்போதும். "சார், உங்க மூடியோட கொக்கி தேஞ்சிருக்குன்னு நெனைக்கறேன். காலைல அதுவா விழுந்துடுச்சே, பாத்தேன். மாத்திடச் சொல்லட்டுங்களா?" ஃபிட்டர் ஏறி ஆட்டிப் பார்த்துவிட்டு, "கொக்கி நல்லாத்தான சார் இருக்கு" என்றான், வெள்ளந்தியாக. சுகவனம் கொஞ்சமும் அசரவில்லை. "இல்லப்பா, நான் கண்ணால பாத்தேன், தானா விழுந்துச்சு. புதுசு போட்டுடு" என்றான். சுற்றி நின்ற ஜவான்கள் எல்லோரும் கேட்டார்கள். கேட்கட்டும் என்றுதான் உரக்கச் சொன்னான். புதுக் கொக்கி போட்டார்கள். தேவசகாயம் "தாங்க்யூ, சுகவனம்" என்றார். வேறு என்ன சொல்வது. அவன் சல்யூட் அடித்துவிட்டுப் போனான். அவன் யாரிடமும் சொல்ல மாட்டான், சாகும்வரை சொல்ல மாட்டான். எகத்தாளமாக ஒரு சிரிப்பு சிரித்திருந்தால்கூட அவர் அவனை மன்னித்திருப்பார். மெஸ்ஸில் டப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்துபோய் ஒரு அறை விட்டிருப்பார், ரத்தத்தில் இருக்கிற கசடு வெளியே போயிருக்கும். அவன் போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டான். இருபத்து மூன்று வயசுப் பயல், தனக்குப் பயம் தெரியாததால் அடுத்தவன் பயத்தின்மேல் இரக்கம் காட்டுகிறான். இனி ஒவ்வொரு நாளும் காலையில் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த முகம் மரியாதையோடு, தெரியாததுபோலவே, திரும்பப் பார்க்கும். சண்டை முடியும், பதவி உயர்வு வரும், ரிட்டயராகி ஏதாவது ரெஜிமெண்ட் விழாவுக்குப் போனால் அங்கேயும் அவன் வருவான். நாற்காலி எடுத்துப் போடுவான்.

ஹெட்செட்டில் கர்னலின் குரல் வந்தது. பின்னால் எங்கோ மரத்தடியில் மேப்பை விரித்துவைத்துக்கொண்டு, இங்கிலீஷில், பல்லைக் கடித்துக்கொண்டு. என்ன தேவ், அங்கே என்ன நடக்கிறது, காலாட்படைக்காரன் என் உயிரை வாங்குகிறான், வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது, பாதை தயார் என்று சாப்பர் சொல்லிவிட்டானாமே. கடைசித் துண்டு முழுசாகப் பார்க்கவில்லை சார் என்றார் தேவசகாயம். எந்த யுத்தத்தில் முழுசாகப் பார்த்தார்கள் என்று கர்னல் கேட்டார். நியாயமான கேள்வி. பத்து நிமிஷத்தில் முதல் வண்டி பாதையில் இருக்க வேண்டும், யாரை அனுப்புகிறாய் என்பது உன் இஷ்டம், என்றார். உன் இஷ்டம். அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். இஷ்டம் என்ன என்பதைத்தானே அவர் இவ்வளவு நேரமாக அறியாமல் இருக்கப் பார்க்கிறார். கர்னல் மட்டும் இரண்டை அனுப்பு, மூன்றை அனுப்பு என்று ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால் கையைக் கழுவிக்கொண்டு நின்றிருக்கலாம். பெரிய மனுஷர்கள் வேண்டாத இடத்தில்தான் பெருந்தன்மையாக இருக்கிறார்கள். கீழே டிரைவர் இருதயராஜ் இன்ஜினை ஒருமுறை உறுமவிட்டு அடக்கினான். இரும்பின் அதிர்வு பூட்ஸ் வழியாக ஏறியது. வேலப்பன் எனாமல் குவளையை நீட்டினான். "சாயா குடிக்கு சார், ஒண்ணும் தின்னில்லல்லோ" என்றான். அவன் ஊர் பாறசாலைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பது அவனுக்கே நிச்சயமில்லை. டீ ஆறிப்போய் பெட்ரோல் நாற்றம் அடித்தது. குடித்தார். இவனுக்கும் தெரியும். ஆனால் இவன் ஜவான், இவனுக்குத் தெரிந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. ஏன் பரவாயில்லை? இவன் மெஸ்ஸுக்கு வரமாட்டான், அவ்வளவுதானே. எவ்வளவு கேவலமான கணக்கு என்று தன்னைத் தானே காறித் துப்பிக்கொண்டு, மிச்ச டீயையும் குடித்தார்.

கண்ணப்பனுக்கும் தெரியும். அறுபத்தைந்தில் அவருடைய டிரைவர். அப்போது தேவசகாயம் கேப்டன், ஸ்க்வாட்ரனில் இரண்டாவது ஆள். மேஜர் பெலியப்பா என்று ஒரு குடகுக்காரர் கமாண்டர், கைத்தடியை டாங்கின் மேலே தட்டிக்கொண்டே பேசுவார், மூடியைச் சாத்துகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. கரும்புக் காட்டோரம் நின்றபோது பெலியப்பா ஏதோ சொல்ல இவர் பக்கம் திரும்பினார். ஒரு சத்தம். மறுபடி பார்த்தபோது தலை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. உடம்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, மெதுவாக உள்ளே இறங்கியது. தேவசகாயம் தொண்டை கிழியக் கத்தினார், "கண்ணப்பா, பின்னால எடு, பின்னால எடு". ரிவர்ஸ் கியர் விழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தும் விழவில்லை. பயத்தில் கண்ணப்பன் முன் கியரைப் போட்டு, ஒரு பெரிய வட்டம் அடித்துத் திரும்பிவிடலாம் என்று கரும்பை மிதித்துக்கொண்டு ஓட்டினான். அந்த வட்டம் நேராகக் கொண்டுபோய் எதிரியின் விலாப்பக்கத்தில் விட்டது. பின்னால் நின்றவர்கள், கமாண்டர் விழுந்ததும் கேப்டன் சாப் தனியாகப் பாய்ந்துவிட்டார் என்று நினைத்து, எல்லா வண்டிகளையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். கன்னர் உத்தரவுக்குக் காத்திராமல் சுட்டான். இவர் தடுக்கவில்லை, இவருக்குக் குரல் வரவில்லை. சாயங்காலம் அங்கே எதிரியின் டாங்குகள் எரிந்துகொண்டிருந்தன. டில்லியில் மெடல் குத்தும்போது, தன் உயிரைத் துச்சமாக மதித்து என்று வாசித்தார்கள். கிரேஸ் திருச்சி வீட்டு ஷோகேஸில் நடராஜர் பொம்மைக்கும் பிளாஸ்டிக் ரோஜாவுக்கும் நடுவில் அதை வைத்திருக்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள். கிறிஸ்தவ வீட்டில் நடராஜர் எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள், மெடல் எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. அவளிடம்கூட அவர் சொல்லவில்லை. கண்ணப்பன் மட்டும் ஒருநாள் கிரீஸ் கையோடு வந்து நின்று, "கியர் விழாத சமாச்சாரத்த நான் யாருகிட்டயும் மூச்சு விடல சார்" என்றான். விசுவாசமாகத்தான் சொன்னான். அடுத்த மாதமே அவனைப் பயிற்சிப் பள்ளிக்கு மாற்றல் பண்ணி அனுப்பினார். அவனுக்கு நல்லதுதான், ஒரு பட்டை கூடுதலாகக் கிடைத்தது. ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது நெஞ்சு என்ன லேசாக இருந்தது. அந்த லேசு இன்னும் நினைவிருக்கிறது.

அப்புறம், கண்ணப்பன் அங்கிருந்து வேறிடம் போன பிறகு, அவரையும் அதே பள்ளிக்கு அனுப்பினார்கள், பாடம் நடத்த. துணிச்சல் என்பது என்ன என்று இளசுகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கரும்பலகையில் கரும்புக் காட்டை வரைந்து, பெலியப்பாவின் டாங்க் இங்கே, நான் இங்கே, இப்படி ஒரு வட்டம், என்று சாக்பீஸால் போடுவார். பக்கவாட்டில் தாக்கும்போது வேகம்தான் பாதுகாப்பு என்பார். பையன்கள் எழுதிக்கொள்வார்கள். சொல்லிச் சொல்லி, ஒருநாள் அவரே அதை நம்ப ஆரம்பித்திருந்தார். ரிவர்ஸ் கியர் தேய்ந்து மறைந்தே போயிற்று. அங்கேதான் மூன்றாவது பெஞ்சில் சுகவனம் உட்கார்ந்திருந்தானாம். ரெஜிமெண்டில் வந்து சேர்ந்த அன்று சொன்னான்: "உங்க லெக்சரக் கேட்டுத்தான் சார் இந்த ரெஜிமெண்ட்டே வேணும்னு கேட்டு வாங்குனேன்." அன்று அவருக்குப் பெருமையாக இருந்தது. அவனைக் கூட்டிக்கொண்டுபோய் ரம் வாங்கிக்கொடுத்தார். அப்படியென்றால் முந்தாநாள் மாந்தோப்பில் அவன் பார்த்தது சாதாரணமாக ஒரு மேஜர் மூடியைச் சாத்திக்கொண்டதை அல்ல. கரும்பலகை, சாக்பீஸ், வட்டம், எல்லாவற்றையும்தான் பார்த்தான். புத்திசாலிப் பையன், பின்னால் போய் யோசித்திருப்பான். ஒருவேளை வட்டத்தைப் பற்றியும் யோசித்திருப்பான். ஏன் வட்டம், ஏன் நேராக இல்லை? கேட்க மாட்டான். அவனுக்கு அவர்மேல் இன்னும் மரியாதை இருக்கிறது என்பதே அவரை அவன் எதிரே நிற்க முடியாதவராக ஆக்கியது. ஆகவே மூன்று என்று சொல்லலாம். ஆகவேதான் மூன்று என்று சொல்லக் கூடாது. ஆனால் ஆகவேதான் சொல்லக் கூடாது என்று இரண்டைச் சொல்லி, காய்ச்சல்காரன் மாசிலாமணிக்குக் கண் மறைத்து நாடாவுக்கு வெளியே வண்டியை விட்டுவிட்டால்? தன் மனசு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு நோயாளியைக் கொல்வதா? அது மட்டும் என்ன உயர்த்தி? இப்படிப் பார்த்தால் அப்படி இடித்தது, அப்படிப் பார்த்தால் இப்படி இடித்தது. மூன்றை அனுப்புவதற்கு நாலு நல்ல காரணம் இருக்கிறது, ஒரு கெட்ட காரணம் இருக்கிறது. நாலும் ஒன்றும் ஒரே பக்கம் கையைக் காட்டினால், கையை யார் தூக்கினார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் போகிறேன். அந்த எண்ணம் திடீரென்று வந்தது. நானே முதலில் போகிறேன், இருதயராஜ், வண்டியை எடு. உடனே, அழைக்காமலே, விதிமுறை வந்து நின்றது. ஸ்க்வாட்ரன் கமாண்டர் முதல் வண்டியில் போகக் கூடாது, அவர் போய்விட்டால் மற்றவர்களை யார் நடத்துவது. சரியான விதி. அவரே பள்ளியில் நடத்தியிருக்கிறார். அந்த விதியைப் பற்றிக்கொண்டபோது தமக்கு ஏற்பட்ட நிம்மதியை அவர் பார்த்துவிட்டார். பார்க்காமல் இருந்திருக்கலாம். நல்லவனாக இருப்பதற்கு மனுஷன் தன்னைக் கொஞ்சம் குறைவாகப் பார்க்க வேண்டும்போல. கண்ணாடி இல்லாத வீட்டில் எல்லாரும் அழகு. அப்போதுதான் ஹெட்செட்டில் சுகவனம் வந்தான். கூப்பிடாமல், மெதுவாக, கொஞ்சம் தயக்கத்தோடு. "சார், இரண்டோட ஒரு வண்டி இன்னும் ஆறலைங்க. மாசிலாமணி சாபுக்கும் உடம்புக்கு ஆகல. நான் முன்னால போயிடட்டுங்களா? நாடாவ நல்லாப் பாத்து வெச்சிருக்கேன்." தேவசகாயத்துக்குக் காது மடல் சுட்டது. இதையும் செய்கிறானா? அவர் எடுக்கத் தயங்கியதை எடுத்து, துடைத்து, தட்டில் வைத்து நீட்டுகிறான். இனி மூன்று என்று சொன்னால் அது அவர் இஷ்டமே இல்லை, அவன் கேட்டான், கொடுத்தார். வசதியாகப் போயிற்று. பாவத்தைக்கூடத் தன் கையால் செய்யவிடாத மரியாதை. "கேட்டாத்தான் பேசணும், மூன்று. லைன்ல குறுக்க வராதே" என்றார் சுள்ளென்று. "சாரி சார்" என்றான். மாசிலாமணியின் இருமல் மட்டும் லைனில் கேட்டது, யாரோ மைக் பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் கேட்டிருப்பார்கள். பாவம் பையன், நல்லதுக்குச் சொன்னான், மேஜர் சாப் எரிந்து விழுகிறார் என்று ஒவ்வொரு டாங்குக்குள்ளும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

சூரியன் கரும்புக் காட்டுக்குப் பின்னால் பாதி இறங்கியிருந்தது. ஊருக்கு அந்தப் பக்கம் தூரத்தில் டாங்க் பீரங்கியின் சத்தம் கேட்டது, நம்முடையதல்ல. குழிகளில் உட்கார்ந்திருக்கிற அந்தக் காலாட்படைக்காரர்களும் அதைக் கேட்டிருப்பார்கள். திரும்பி இந்தப் பக்கம் பார்த்திருப்பார்கள். இனிமேல் யோசிக்கிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அங்கே எவனோ பதில் சொல்ல வேண்டியிருக்கும். தேவசகாயம் பொத்தானை அமுக்கினார். அமுக்கியபோது வாயில் எந்த எண் வரப்போகிறது என்று நிஜமாகவே அவருக்குத் தெரியாது. அப்படித்தான் தமக்குச் சொல்லிக்கொண்டார். "மூன்று. நீ முன்னால போ. மத்தவங்க அவன் தடத்துல." "சரிங்க சார்" என்று உடனே வந்தது, சினிமா டிக்கெட் கிடைத்தவன் குரலில்.

முதல் டாங்க் நகர்ந்தது. புகையைக் கக்கிக்கொண்டு, நாடாக்களுக்கு நடுவில், பிரசவித்த பெண் நடக்கிற மாதிரி பார்த்துப் பார்த்து. சுகவனம் இடுப்பு வரைக்கும் வெளியே வந்து, குனிந்து தரையையே பார்த்துக்கொண்டு, கையால் டிரைவருக்கு வலது, இடது என்று சொல்லிக்கொண்டே போனான். முனிரத்தினம் கியாரண்டி கொடுத்த பாதி முடிந்தது. அங்கே ஒரு சின்னக் கொடி நட்டிருந்தார்கள். கொடியைத் தாண்டி வண்டி கோதுமைப் பச்சையில் இறங்கியது. வேலப்பன் கீழே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான், பகவதியைத்தான் கூப்பிடுகிறான்போலிருக்கிறது. சங்கிலியின் ஒவ்வொரு கட்டையும் மண்ணில் அழுந்தி அழுந்தி எழுந்தது. சேலம். அவன் அப்பா டாக்டர், ஐந்து ரோட்டுப் பக்கம் வீடு என்று சொல்லியிருக்கிறான். வாசலில் போய் ஜீப்பை நிறுத்தி, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். டாக்டர் அழ மாட்டார், அம்மா உள்ளேயிருந்து வருவாள். உட்காருங்கள் என்பார்கள். அவன் கேட்டுத்தான் போனான் என்று சொல்ல வேண்டும். முறை அவனுடையது இல்லை, காய்ச்சலில் இருந்த ஒருவனுக்காகத் தானே முன்வந்து கேட்டான், எல்லோரும் ஒயர்லெஸ்ஸில் கேட்டோம். அந்த மாதிரி ஒரு பிள்ளையை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. இங்கே குரல் கொஞ்சம் தழுதழுக்கும், தழுதழுக்கட்டும். அதற்குமேல் எதுவும் பேசாமல் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். வண்டி கடைசித் துண்டின் நடுவில் இருந்தது. ஒரு பக்கம் லேசாகச் சரிந்தது. நிமிர்ந்தது. நாடா முடிகிற இடத்து மேட்டில் மூக்கைத் தூக்கியது, ஏறியது, அந்தப் பக்கம் இறங்கிப் பீரங்கியைத் திருப்பிக்கொண்டு நின்றது.

ஒன்றும் வெடிக்கவில்லை. "அக்கரை வந்தாச்சு சார்" என்றான் சுகவனம், மூச்சு வாங்க. "தடம் நல்லாருக்கு. நடுவுல மட்டும் எடது பக்கம் கொஞ்சம் சரியுதுங்க, இருதயராஜ்கிட்ட சொல்லிடுங்க." பின்னால் வந்த அவனுடைய மற்ற இரண்டு வண்டிகளும் ஏறிவிட்டன. வேலப்பன் சத்தமாகச் சிரித்தான். இருதயராஜ் சிலுவை போட்டுக்கொள்வது அவன் தோள் அசைவில் தெரிந்தது. வயலோரத்தில் சாப்பர்கள் எழுந்து நின்று கையை ஆட்டினார்கள், முனிரத்தினம் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கர்னல் லைனில் வந்து, நல்ல தேர்வு தேவ், நானாக இருந்தாலும் அவனைத்தான் அனுப்பியிருப்பேன், என்றார். எல்லோருக்கும் வந்த நிம்மதி தமக்கும் வந்திருக்கும் என்று தேவசகாயம் தேடினார். நெஞ்சில் தேடினார், வயிற்றில் தேடினார். ஸ்டேஷனுக்குப் போய் நின்று, வண்டி வந்து, எல்லாரும் இறங்கிப்போய், கூப்பிடப் போன ஆள் மட்டும் வராவிட்டால் பிளாட்பாரத்தில் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அதற்கு வேறு பெயர் வைத்துப் பார்த்தார். களைப்பு என்றார், பதற்றம் இறங்கியதால் வருவது என்றார். எந்தப் பெயரும் ஒட்டவில்லை. அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. சேலத்து வீட்டு வாசல்வரை போய், சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி, காப்பி குடித்துவிட்டு எழுந்தவர், இப்போது அந்தப் பையன் உயிரோடு எதிரே நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடியைப் பற்றிச் சுகவனத்துக்குத் தெரியும், கியரைப் பற்றிக் கண்ணப்பனுக்குத் தெரியும். இதைத் தெரிந்தவர் ஒரே ஆள். அந்த ஆளை எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் அனுப்ப முடியாது.

"நம்மளும் எடுக்கவா சார்?" என்று இருதயராஜ் கேட்டான். எடு என்றார். டாங்க் குலுங்கி நாடாவுக்குள் இறங்கியது. மேஜர் ஏதாவது சொல்வார் என்று லைனில் எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நன்றாக இருக்காது. பொத்தானை அமுக்கினார். "சபாஷ், சுகவனம்" என்றார். "ரொம்ப நல்லாப் பண்ணினே. உன்ன நெனச்சாப் பெருமையா இருக்கு." குரல் நன்றாகவே வந்தது.